அந்தக் கிழமைத் தலைப்பு முதுகு

ஞானசேகரம்: இந்தக் கிழமை வேண்டாம் முத்தலிப். விட்டிடு.

முத்தலிப்: கிழமைக்கு ஒரு தலைப்பு, நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு படம் புடிக்கிறது. குண்டு விழுந்தாலும் நிப்பாட்டுறேல்லை எண்டு சொன்னது ஆர்? நீதானே?

ஞானசேகரம்: விழ முந்திச் சொன்ன கதை அது.

முத்தலிப்: ஊர் முழுக்க இருட்டடிப்பு. யன்னலுக்கெல்லாம் கறுத்தத் துணி. வீட்டிலை படம் கழுவ இதைவிடத் தோதான காலம் வருமோ?

ஞானசேகரம்: உனக்குப் பகிடி... ஜப்பான்காரன் வந்து போட்டுட்டுப் போய் ஒரு மாசமாகேல்லை. பாதிச் சனம் தம்பலகாமத்துப் பக்கம் ஓடிட்டுது. ஆரைப் படம் புடிக்கிறது? காகத்தையோ?

முத்தலிப்: அப்ப அதுதான் தலைப்பு. காகம்.

ஞானசேகரம்: போடா... பொறு, படலையடியிலை ஆரோ நிக்கினம்.

பூரணி: ஐயா... படம் புடிக்கிற முத்தலிப் நானா இங்கையோ? கடை பூட்டிக் கிடந்தது...

முத்தலிப்: நான்தான் தங்கச்சி. நீங்க...

பூரணி: கதிரவேலின்ரை பெண்சாதி. பூரணி. துறைமுகத்திலை மூட்டை சுமந்தவர்...

முத்தலிப்: அல்லாவே... எங்கட கதிரவேலு! உள்ளுக்கு வாங்க. கதிரையிலை இருங்க. கேள்விப்பட்டனாங்க தங்கச்சி... மனசு சரியில்லை.

பூரணி: நீங்க அவரைப் படம் புடிச்சனீங்களாம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர். அதை எனக்குத் தருவீங்களோ? வீட்டிலை வச்சு ஒரு விளக்குக் கொளுத்த...

ஞானசேகரம்: தங்கச்சி, அது... எப்பிடிச் சொல்லுறது... அதிலை அவரின்ரை முகம் இல்லை.

பூரணி: தெரியும் ஐயா.

முத்தலிப்: அந்தக் கிழமைத் தலைப்பு முதுகு. இவர் கோயில் மாட்டின்ரை முதுகைப் புடிச்சார். கதிரவேலு என்ரை கடை வாசல்லை மாச்சாக்கைக் காலடியிலை இறக்கிப்போட்டு நிண்டவன். திரும்பாதை எண்டு நான்தான் சொன்னன். ஒருக்கால் திரும்பு எண்டும் சொல்லியிருக்கலாம்... பாவி நான்.

ஞானசேகரம்: எல்லாம் என்ரை அலுமாரியிலைதான் கிடக்குது... இந்தாங்கோ.

பூரணி: தாங்க ஐயா... இவர்தான்.

முத்தலிப்: அழாதீங்க தங்கச்சி.

பூரணி: அழேல்லை நானா. வெளிச்சத்திலை வச்சுப் பாக்கிறன்... இது காய்ப்புத்தானே? தோளிலை கறுத்துக் கிடக்கிறது?

முத்தலிப்: ஓம். மூட்டை வச்சு வச்சு வந்தது. சுமக்கிற எல்லாருக்கும் இருக்கும்.

பூரணி: எந்தத் தோள் இது? சரியாப் பாத்துச் சொல்லுங்க நானா.

முத்தலிப்: இடம்... இடத்தோள்.

பூரணி: முருகா! என்ரை முருகா...

ஞானசேகரம்: என்ன தங்கச்சி? என்ன நடந்தது?

பூரணி: விளக்குக் கொளுத்த எண்டு பொய் சொன்னனான் ஐயா. கடலிலை இருந்து எடுத்துத் தந்த உடம்புக்கு முகம் இல்லை. காய்ப்பு இருக்கு, கதிரவேல்தான் எண்டு சனம் முடிச்சிட்டுது. அவரின்ரை அண்ணை கொள்ளி வச்சார். அந்த உடம்புக்குக் காய்ப்பு வலத்தோளிலை.

ஞானசேகரம்: புருசன்ரை தோள் உங்களுக்குத் தெரியாதோ?

பூரணி: எல்லாரும் அதைத்தான் கேக்கினம். முன்னுக்கு நிண்டு பாத்தால் ஒரு பக்கம், பின்னுக்கு நிண்டு பாத்தால் மற்றப் பக்கம்... யோசிக்க யோசிக்கக் குழம்பிப் போச்சு. தாலியைக் கழட்டி அந்த நெஞ்சிலை வையெண்டினம். நான் வைக்கேல்லை. மடியிலை ஒளிச்சு வச்சிருக்கிறன்...

ஞானசேகரம்: தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. படத்திலை அந்தச் சாக்கு...

முத்தலிப்: மச்சான், தேத்தண்ணி ஆறுது. குடி.

ஞானசேகரம்: இல்லையடா, அந்தச் சாக்கிலை...

முத்தலிப்: குடி எண்டனான்!

பூரணி: என்ன நானா?

முத்தலிப்: ஒண்டுமில்லை. படத்தைக் கொண்டு போங்க. உங்களுக்குத்தான்.

பூரணி: மூதூரிலை காயப்பட்ட ஆக்கள் கொஞ்சப்பேர் இருக்கினமாம். அங்கை இல்லையெண்டால் வெருகல் வரைக்கும் போய்த் தேடுவன். உயிரோடை இருக்கிற மனிசனுக்கு வெள்ளைச் சீலை உடுத்தனே... உங்களுக்குக் கோடி புண்ணியம் நானா. வாறன்.

முத்தலிப்: போயிட்டு வாங்க தங்கச்சி.

ஞானசேகரம்: ... படலையைக்கூடச் சாத்தேல்லை. ஓடுறாள். ஏன்டா என்ரை வாயை அடைச்சனி?

முத்தலிப்: தேத்தண்ணி...

ஞானசேகரம்: பகிடி விடாதை. சாக்கிலை இருந்த இங்கிலீசு எழுத்தைப் பாத்தனீயோ?

முத்தலிப்: அவள் வெளிச்சத்திலை புடிக்கேக்கைதான் பாத்தன்.

ஞானசேகரம்: கண்ணாடியிலை பாக்கிற மாதிரித் திரும்பிக் கிடக்குது. அண்டைக்கு நானும் கவனிக்கேல்லை... ஓடிப்போய்ச் சொல்லு முத்தலிப். வெருகல் வரைக்கும் அலையப் போறாள்.

முத்தலிப்: நீ போய்ச் சொல்லு. இன்னும் ஒழுங்கை தாண்டேல்லை.

ஞானசேகரம்: எனக்கு... எனக்கு ஏலாது.

முத்தலிப்: எனக்கும் ஏலாது மச்சான். பிலிமை மறுபக்கம் வச்சு அச்சடிச்சது நான். அவன் சுமந்தது வலத்தோளிலைதான். அவள் எரிச்சதும் அவனைத்தான்.