மறுபடி உருட்டணும்

— ஏய், கைய எடுடா! விழுந்தது விழுந்ததுதான். ஒனக்கு பலம் ஏழு. எழுதிக்க அர்ஜுனா.

— பகட மேசக் கால்ல இடிச்சிருச்சிக்கா. நீயும்தான பாத்த. இடிச்சா கணக்குல சேராது, கொன்ஃபோம்.

— எந்த ஊரு சட்டம் அது? ஒன் கூட்டாளி ஆ மெங் குடுத்த புஸ்தகத்துல இருக்கா? எடு, காட்டு.

— புஸ்தகத்துல மேசக் காலப் பத்தியெல்லாம் எழுதமாட்டாங்கலா. ஆ மெங் வீட்டுல இடிச்சா மறுபடி உருட்டுவோம்.

— அங்க நீங்க ஆட்டத்துல பூதத்த வெட்டறதுக்கு ஆளு செஞ்சீங்க. இங்க யாரு படிக்க ஈப்போவுக்குப் போறது, யாரு இந்தத் தேயிலத் தோட்டத்துல வேலைக்கிப் பேரு குடுக்கறதுன்னு உருட்டறோம். நல்லா கேட்டுக்க, இந்த யோசனைய சொன்னது நீ.

— நாந்தான் சொன்னேன். அதுக்காக ஏழா? லோரி டயர ஒத்தக் கையில உருட்டிக்கிட்டுப் போறவன்க்கா நான்.

— டயர நல்லா உருட்டற, பகடையதான் உருட்டத் தெரியல. ம், மிச்சத்தப் போடு.

— இருக்கா. ஆட்டத்த ஒரு தடவ சரியா சொல்லிர்றேன், அப்பறம் நீ அழக்கூடாது. ஒரு ஆளுக்கு ஆறு கொணம். பலம், புத்தி, நெதானம், கைவேகம், ஒடம்புத் தெம்பு, பேசி ஆளக் கவுக்கறது. ஒவ்வொண்ணுக்கும் மூணு பகட. மொத்தமா கூட்டுனா யாருக்கு அதிகமோ அவங்க போலாம். கொறஞ்சவங்க திங்கக்கெழம தோட்டத்து ஆப்பிசுல போயி கணக்கு எழுதற கிராணிகிட்ட பேரு குடுக்கணும்.

— குடுக்கலன்னா?

— தெரியாத மாதிரி கேக்கறியே. மாசக் கடசியில அப்பா ரிட்டயர். அப்பறம் நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் பேரு தோட்டத்துல இல்லன்னா லயத்து வீட்டுச் சாவிய குடுத்துட்டு நடையக் கட்டணும்லா.

— தெரியும்டா. ஒன் வாயால கேக்கணும்னுதான் கேட்டேன். எனக்கு நர்ஸ் படிப்புக்கு எடம் வந்துருக்கு, ஒனக்கு மெக்கானிக் படிப்புக்கு வந்துருக்கு. ரெண்டு பேரையும் அடுத்த மாசமே வரச் சொல்லிட்டாங்க. ஆனா அப்பா வாயில ஒன் பேருதான் வருது, ஆம்பளப் புள்ளதான் பேரு குடுக்கணும்னு. அது நாயமில்லன்னு எனக்கே தோணுச்சி. அதனாலதான் ஒங்கூட ஒக்காந்து உருட்டறேன்.

— நீ நல்லவதான்க்கா. பாரு, புத்தி பதினொண்ணு!

— பரவால்ல.

— நெதானம்... ஆறு.

— அது சரியாத்தான் விழுந்துருக்கு. பகடைக்கு ஒன்ன நல்லாத் தெரியுது.

— சிரி, சிரி. கைவேகம் பதினாறு! பாத்தியா? எட்டூர்ல கெடையாது இந்த மாதிரி கை.

— அடுத்தது போடுடா, எட்டூர அப்பறம் பாக்கலாம்.

— தெம்பு ஒம்பது. பேச்சு எட்டு. என்னாக்கா இது... மொத்தம் அம்பத்தி ஏழு. அக்கா, ஒரே ஒரு தடவ. அந்தப் பலத்த மட்டும் மறுபடி உருட்டிக்கறேன்.

— முடியாது.

— ஒரே ஒரு தடவலா!

— முடியாதுன்னா முடியாது. இந்த அம்சவல்லிகிட்ட அழுகாச்சி வேலையெல்லாம் நடக்காது. பகடைய இப்பிடித் தள்ளு. ம்... பன்னெண்டு. பதினாலு. இது பத்து.

— மெதுவா உருட்டுக்கா, மூச்சு விட்டுக்க.

— ஒம்பது. எட்டு. கடசி ஒண்ணு... பதிமூணு. கூட்டு.

— அறுபத்தி ஆறு.

— சரியா கூட்டுனியா?

— சரியாத்தான் கூட்டுனேன். நீ ஜெயிச்சிட்ட. போயி பொட்டியக் கட்டு.

— அர்ஜுனா.

— என்னா?

— இந்தா. பலத்த மறுபடி உருட்டிக்க.

— வேணாம்.

— டேய், நெசமாத்தான் சொல்றேன். மேசக் கால்ல இடிச்சிருச்சி, நானும் பாத்தேன். இப்பிடி ஜெயிச்சிட்டு நான் எப்பிடிடா பொட்டியக் கட்டறது?

— தர்மத்துக்கு எனக்கு வேணாம்க்கா. தோத்தா தோத்ததுதான். கொளுந்துக் கூடைய மாட்டிக்கிட்டு மல ஏறத் தெரியாதா எனக்கு? ஆறு மாசத்துல நான்தான் இந்தத் தோட்டத்துக்கே மொதோ ஆளு, கொன்ஃபோம்.

— அழுதுக்கிட்டே சொல்ற.

— எவன் அழுதான்? பனிலா. கதவு தெறந்து கெடக்கு.

— கதவத் தெறந்தது நாந்தான். என்னா, அக்காளும் தம்பியும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கீங்க? பசியாறுனீங்களா இல்லியா?

— அம்மா! திரிங்காப்புல வேல முடிஞ்சி லோரி அதுக்குள்ள வந்துருச்சா? ஒண்ணுமில்லம்மா, சும்மா வெளையாடிக்கிட்டு இருந்தோம்.

— அம்சா, ஒனக்குப் பொய் சொல்ல வராது. தம்பி, நீ சொல்லுய்யா. என்னா இது, மூணு பகட, காய்தம் பூரா நம்பரு?

— ஆளு செய்யற ஆட்டம்மா. உருட்டி உருட்டி ஒரு ஆள உருவாக்கணும்.

— உருவாக்கி?

— அம்மா, திட்டாத. யாருக்கு மொத்தம் அதிகமோ அவங்க படிக்கப் போறது. இன்னொருத்தர் தோட்டத்துல பேரு குடுக்கறது. அக்கா ஜெயிச்சிருச்சி.

— அட போங்கடா! ரெண்டையும் பெத்து, பனியில நடுங்காம இடுப்புலயும் முதுகுலயும் கட்டி வளத்து ஆளாக்குனவ நானு. நான் செஞ்ச ஆளு போதாதுன்னு நீங்க ரெண்டு பேரும் பகடையில வேற செய்யறீங்களோ? நெஞ்சு எரியுதுடா எனக்கு.

— வேற என்னாம்மா செய்யறது? ரெண்டு பேரும் போவ முடியாதே.

— தள்ளி ஒக்காரு. எனக்கும் உருட்டு.

— ஒனக்கு எதுக்கும்மா? நீ இந்தக் கணக்குலயே வரமாட்ட. கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே அப்பா சொல்லிட்டாராம்ல, எம் பொண்டாட்டிய வேல வாங்கற மண்டோரு ஏசறத நான் நின்னு கேக்க முடியாது, அவ இந்தத் தோட்டத்துல கூடைய மாட்டக்கூடாதுன்னு. அதுக்காகத்தான திரிங்காப்புல சீனன் காய்கறித் தோட்டத்துக்குப் போயிக்கிட்டு இருக்க?

— கணக்குல வராதவ உருட்டுனா யாருக்கு என்னா நட்டம்? குடு இங்க. மொத எது?

— பலம்.

— இந்தா.

— அஞ்சு.

— யாருக்கு? எனக்கா அஞ்சு? முட்டக்கோசு கூடைய தலைக்கி மேல தூக்கி லோரியில ஏத்தறவ நானு! மறுபடி.

— மறுபடி உருட்டக் கூடாதும்மா. அதான் ஆட்டம்.

— ஆமா சொல்றாரு பெரிய தொர. இந்தா, எட்டு. இதுவும் வேணாம். மறுபடி.

— அம்மா!

— மறுபடி. பதினொண்ணு... ஊஹூம். மறுபடி. ஆங், பதினஞ்சு! இதுதான் நான். எழுதுடா.

— புடிச்சது விழற வரைக்கும் உருட்டுனா அது ஏமாத்தும்மா.

— நான் யார ஏமாத்துனேன்? ஒங்க கண்ணு முன்னாலதான உருட்டறேன்? கை வலிக்க வலிக்க உருட்டறவளுக்கு வேணுங்கறது விழாதா? மிச்ச நம்பரெல்லாம் எனக்கு வேணாம், இது ஒண்ணு போதும். அப்பறம் என்னா செய்யணும்?

— அப்பறம் தொழிலு எடுக்கணும். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன்.

— அதையும் பகடதான் சொல்லுமா?

— இல்லம்மா, அது மட்டும் நம்மளே எடுத்துக்கலாம்.

— அத மொதல்ல கேக்கத் தெரியல ஒங்களுக்கு. படிச்ச புள்ளைங்க! அம்சா, நீ என்னா எடுப்ப?

— பூசாரி.

— கோயில்ல மணியாட்டவா?

— இந்த ஆட்டத்துல பூசாரிதாம்மா காயத்த ஆத்துவான். சாவக் கெடக்கறவனையும் எழுப்பி ஒக்கார வைப்பான். எனக்கு அதுதான் வேணும். வேற எதுவும் வேணாம்மா, அது மட்டும்தான் வேணும்.

— கண்ணத் தொடச்சிக்க. தம்பி, நீ?

— திருடன்.

— அடப்பாவி! பெத்த வயிறு பத்திக்கிச்சிடா.

— அம்மா, அவன் காசு திருடறவன் இல்ல. பூட்டுக்குள்ள எந்தக் கம்பி எங்க போவுதுன்னு வெரலாலயே கண்டுபிடிப்பான். எந்த மிசினு கெடச்சாலும் கழட்டி மாட்டிருவான். பதினாறு இருக்கும்மா எனக்கு, கைவேகம்.

— பதினாறு இல்லன்னாலும் நீ அதத்தான் எடுத்துருப்ப. ஒங்கப்பன் ரேடியாவ எத்தன தடவ கழட்டுன. சரி, முன்னால நின்னு அடி வாங்கறது யாரு?

— வீரன்மா. அவன் வழிய மறிச்சி நிப்பான், மத்தவங்க பின்னால இருந்து அவங்கவங்க வேலையப் பாப்பாங்க.

— அப்ப வீரன் நான். எழுதிக்க.

— சரிம்மா, எழுதிக்கிட்டேன். ஆட்டம் போதும்லா. அக்கா போவட்டும், எனக்கு வருத்தமில்ல. திங்கக்கெழம காலையில கிராணிகிட்ட நான் பேரு குடுத்துர்றேன்.

— நீ போனா கிராணி சிரிப்பாரு.

— ஏன் சிரிக்கணும்?

— ஒரு வீட்டுக்கு எத்தன பேருடா குடுப்பீங்கன்னுதான். இன்னைக்கு நான் திரிங்காப்புக்குப் போவல. ஆப்பிசுக்குப் போயி அம்மாக்கண்ணுன்னு எம் பேர குடுத்துட்டுத்தான் வந்துருக்கேன். சாவி நம்மகிட்டதான் இருக்கும், ரெண்டு பேரும் பொட்டியக் கட்டுங்க.

— அம்மா... என்னாம்மா சொல்ற? அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்?

— நான் மறுபடி மறுபடி கேட்டதுல, என்னைய ஆப்பிசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனவரே அவருதான்டி. இப்ப எனக்குக் கொளுந்துக் கூடை ஒண்ணு வாங்க பிரிஞ்சாங் டவுனுக்கு பஸ் ஏறிப் போயிருக்காரு.