பெண் பார்க்க வந்த இடத்தில் ஈப்பிடிப்பான்

சிவரஞ்சனி: அசையாதீங்க. ஒங்க தலைக்கு மேல, அந்தப் புளியங்கெளையில...

கோபிநாத்: பாம்பா?

சிவரஞ்சனி: குருவிங்க! பழுப்பு ஈப்பிடிப்பான்.

கோபிநாத்: எங்க... ம்... இது பழுப்பு இல்லைங்க. நெஞ்சுல ஆரஞ்சு தெரியுது பாருங்க. நீல ஈப்பிடிப்பான்.

சிவரஞ்சனி: நீலம்னா நீலமா இருக்க வேணாமா?

கோபிநாத்: பொட்டைக்கு நெறம் மங்கலாத்தான் இருக்கும்.

சிவரஞ்சனி: ஓகோ... பொண்ணு பாக்க வந்த எடத்துல, பொண்ணு மங்கல்னு சொல்றீங்க?

கோபிநாத்: ஐயோ, நான் குருவியச் சொன்னேங்க!

பொன்னுத்தாய்: ஏன்டி, அங்கிட்டு என்னத்த அண்ணாந்து பாக்குறீங்க? மாப்பிள்ளை வீட்டாளுக கோயில் மண்டபத்துல காத்துக்கிட்டு இருக்காக. தனியாப் பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா...

சிவரஞ்சனி: பேசிக்கிட்டுத்தாம்மா இருக்கோம். கத்தாத, பறந்துரும்.

பொன்னுத்தாய்: எது? மயிலா?

சிவரஞ்சனி: விராலிமலையில மயில் எங்கிட்டுப் போயிரப் போவுது? இது சின்னக் குருவிம்மா.

கோபிநாத்: பறந்து பூச்சியப் பிடிச்சிட்டு, திரும்ப அதே கெளைக்கே வந்து உக்காரும் அத்தை.

பொன்னுத்தாய்: அத்தையா? அதுக்குள்ளயா!

கோபிநாத்: வாய் தவறிருச்சுங்க...

சிவரஞ்சனி: எனக்கென்னமோ பழுப்புதான். கண்ணச் சுத்தி வெள்ளையா...

கோபிநாத்: அட, போன தையில சித்தன்னவாசல்ல நீ காட்டுனியே, அது பழுப்பு! அதுக்கு வளையம் பளிச்சுனு...

சிவரஞ்சனி: க்கும்!

பொன்னுத்தாய்: யாரு காட்டுனா?

கோபிநாத்: நீ... நீலகண்டன். என் பிரெண்டுங்க.

சிவரஞ்சனி: அந்தா, அந்தா! இன்னொண்ணு வந்துருச்சு! முதுகு நல்ல நீலம்... நெஞ்சு ஆரஞ்சு...

கோபிநாத்: ஆணு! ஜோடியா வந்துருச்சு. இப்ப ஒத்துக்கிறீங்களா?

சிவரஞ்சனி: சரி சரி... நீலந்தான். ரொம்ப அலட்டாதீங்க.

பொன்னுத்தாய்: குருவி கெடக்கட்டும். எம்பொண்ண மொதத் தடவையாப் பாக்குறீங்க. பிடிச்சிருக்கா மாப்பிள்ளை?

கோபிநாத்: இப்பத்தான பாக்குறேன்... பரவாயில்லைங்க.

சிவரஞ்சனி: பரவாயில்லையா!

பொன்னுத்தாய்: நீ என்னடி சொல்ற?

சிவரஞ்சனி: முன்னப்பின்னத் தெரியாதவுக... நீ பாத்துச் சொன்னாச் சரிம்மா.

பொன்னுத்தாய்: அடி கள்ளி! ஒம்போன்ல ரெண்டு குருவிப் படத்துக்கு ஒருக்கா இவுக மூஞ்சிதான வருது. தரகரு தானா வந்தாருன்னா நெனச்சீங்க? மாப்பிள்ளை வீட்ட விசாரிச்சு, அவர அனுப்பி வச்சதே நான்தான்!