கனடா ஆபீசர் கனகம்

கனகம்: ...உக்காருங்க அம்மணி. காப்பி சாப்பிடறீங்களா?

நர்கிஸ்: ஆன்ட்டி, ஒத்திகைன்னாலும் ஆபீசர் காப்பியெல்லாம் கேக்க மாட்டாங்க.

கனகம்: அதெப்படி, ஊட்டுக்கு வந்த புள்ளைய வெறும் வயித்தோடவா கேள்வி கேப்பாங்க?

நர்கிஸ்: நான் எங்கீங்க ஆன்ட்டி போறேன்? ஆபீசர் கனடாவுல இருப்பாங்க. நான் இங்க பீளமேட்டுல, உங்க மாடி ரூமுல லேப்டாப் முன்னால உக்காந்திருப்பேன். வீடியோவுலதான் பேட்டி.

கனகம்: சரி, காப்பிய உட்டுத்தள்ளு. பேரு, ஊரு சொல்லுங்க.

நர்கிஸ்: நர்கிஸ்ங்க. சொந்த ஊரு ஆப்கானிஸ்தான், காபூலுங்க. கோயமுத்தூருக்கு அக்ரி படிக்க வந்தேனுங்க. படிப்பு முடிஞ்சுது, விசாவும் முடியப்போகுதுங்க. அதனால உங்க நாட்டுல எனக்கு அடைக்கலம்...

கண்ணையா: அப்ரூவ்டு.

கனகம்: ஏனுங்க, நீங்க சித்த சும்மா பேப்பரப் படிங்க. நானாக்கும் ஆபீசரு.

கண்ணையா: மில்லுல லேபர் ஆபீசரா இருந்தவன் நானு. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா, லீவு குடுக்கறதா வேண்டாமான்னு?

கனகம்: அதானே பொங்கலுக்கு முந்தியே உங்க மில்லு காத்தாடும். கட்டுன புருசன்னும் பாக்க மாட்டேன், வெளிய அனுப்பிப்போடுவேன். நீ சொல்லு கண்ணு... இல்ல, நீங்க சொல்லுங்க. சொந்த ஊருக்கு ஏன் போகக்கூடாது?

நர்கிஸ்: அங்க கொஞ்சம் செரமமுங்க.

கனகம்: என்ன கண்ணு, கரண்டு போயிருச்சுங்கற மாதிரி சொல்றே?

நர்கிஸ்: உங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் ஆன்ட்டி. கால் ஒடஞ்சு மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தீங்க. பாக்க வந்தவங்ககிட்டயெல்லாம் 'ஒண்ணுமில்லீங்க, லேசா வலிங்க, நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டீங்க.

கண்ணையா: எனக்கு நெஞ்சுவலி வந்தப்பவும் டாக்டருகிட்ட அப்படித்தான் சொன்னா அம்மணி. 'அவருக்கு ஒண்ணுமில்லீங்க, நீங்க ஏன் எளச்சுப்போனீங்க'ன்னு.

கனகம்: ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? இத பாரு, ஒறம்பரை சொந்தக்காரங்ககிட்டத்தான் செரமத்த மறைக்கோணும். ஆபீசர்கிட்ட மறைச்சா நமக்குத்தான் நட்டம். ஒளிக்காமச் சொல்லு.

நர்கிஸ்: பொண்ணுங்க காலேஜுக்குப் போகக்கூடாதுங்க. எங்க அக்கா டீச்சர். ஸ்கூல மூடுனதும் ஊட்டுல வச்சு புள்ளைங்களுக்கு ரகசியமாச் சொல்லிக்குடுத்தா. புடிச்சுட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்தவ இப்ப யார்கிட்டயும் பேசறதில்லீங்க. அப்ப... 'இன்னொருத்தி வெளிநாட்டுல படிக்கறாளாமே, அவ எப்ப வருவா'ன்னு என்னப்பத்தியும் கேட்டுட்டுப் போயிருக்காங்க. ஆன்ட்டி, அடுத்த கேள்வி.

கண்ணையா: ஆபீசர் அழுவக்கூடாது கனகம்.

கனகம்: யாரு அழுதா? நீங்க மொதல்ல கண்ணாடியத் தொடைங்க. சரிங்க அம்மணி, இந்தியாவுல உங்களுக்கு ஒறம்பரை, வேண்டப்பட்டவங்க யாராச்சும் இருக்கறாங்களா?

நர்கிஸ்: இருக்கறாங்களே. கனகம் ஆன்ட்டி இருக்கறாங்க, கண்ணையா அங்கிள் இருக்கறாங்க...

கனகம்: போச்சு. மறுக்காவும் அதே தப்பு.

நர்கிஸ்: உள்ளதத்தானே சொன்னேன்?

கனகம்: வக்கீலம்மா சாஜிதா பேகம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களா இல்லையா? இங்க ஆளிருக்குதுன்னா, 'அப்ப அங்கயே இருந்துக்க'ம்பாங்க. விசா முடிஞ்சா இங்கயும் உன்னை இருக்க உடமாட்டாங்க. அப்பறம் காபூலுக்குத்தான் ஏத்தி உடுவாங்க. எங்க கண்ணு போவே?

நர்கிஸ்: சரிங்க. கேளுங்க.

கனகம்: இந்தியாவுல யாரு இருக்கறாங்க?

நர்கிஸ்: எதுத்த ஊட்டு நாய் இருக்குதுங்க.

கனகம்: ஏம்புள்ள...

நர்கிஸ்: தெனமும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருதே ஆன்ட்டி.

கண்ணையா: தள்ளு கனகம், நான் கேக்கறேன். ஏனுங்க அம்மணி, உங்களுக்கு இங்க யாருமே இல்லைதானுங்களே? ஆமான்னு தலையாட்டுனாப் போதுமுங்க.

கனகம்: பதிலையும் நீங்களே சொல்லிப்போடுங்க. அப்படியே கனடாவுக்கும் நீங்களே போயிருங்க.

நர்கிஸ்: சரி ஆன்ட்டி, அவங்க இப்படிக் கேட்டா என்ன சொல்றது? 'உங்களக் காரமடைத் தேருக்குக் கூட்டிட்டுப் போயி, கூட்டத்துல தொலஞ்சுபோனப்ப மைக்குல பேரு சொல்லிக் கூப்புட்டது யாரு?'

கனகம்: அதையெல்லாம் எந்த ஆபீசரும் கேக்க மாட்டான்.

நர்கிஸ்: 'காய்ச்சல்ல படுத்தப்ப ரசஞ்சோறு பெசஞ்சு ஊட்டுனது யாரு'ன்னு கேட்டா?

கனகம்: நர்கிஸ். வெளையாடாதே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. 'எனக்கு இங்க யாருமில்லீங்க. இது வெறும் வாடகை ஊடு.' எங்கே, சொல்லு பாக்கலாம்.

நர்கிஸ்: எனக்கு... இங்க...

கனகம்: ம்.

நர்கிஸ்: முடியலீங்க ஆன்ட்டி.

கண்ணையா: உட்டுரு கனகம். புள்ளைக்கு மூஞ்சியே செவந்துபோச்சு.

கனகம்: நாளைக்குப் பேட்டிய வச்சுக்கிட்டு எப்படீங்க உடறது? எங்க மொகத்துக்காகப் பாத்துப் பொழப்பக் கெடுத்துக்காத சாமி.

நர்கிஸ்: நாளைக்கில்லீங்க.

கண்ணையா: என்ன, மறுபடியும் தள்ளிப்போட்டாங்களா?

நர்கிஸ்: யாரும் தள்ளிப்போடலீங்க அங்கிள். நாந்தான் உங்ககிட்ட அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிட்டே வந்தேன். போன மாசமே முடிஞ்சுருச்சு. நீங்க ரெண்டு பேரும் கருமத்தம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போனீங்களே, அன்னைக்கு.

கண்ணையா: அடக் கடவுளே. அந்தக் கேள்வியக் கேட்டாங்களா?

நர்கிஸ்: கேட்டாங்க.

கண்ணையா: நாயச் சொன்னியா?

நர்கிஸ்: இல்லீங்க. 'யாருமில்லீங்க. வாடகை குடுக்கறேன், இருக்கறேன், அவ்வளவுதான்'னு சொல்லிப்போட்டேன். மளார்னு வந்துருச்சு அங்கிள், ஒரு தடுமாத்தமும் இல்லாம. உங்க உப்பத் தின்னுபோட்டு அப்படிச் சொன்னத எந்த வாயால உங்ககிட்டச் சொல்லுவேன்? இன்னைக்குக் காலைலதான் மெயில் வந்துச்சு. வரச் சொல்லிட்டாங்க ஆன்ட்டி. எடம் குடுத்துட்டாங்க.

கண்ணையா: கனகம், கேட்டியா? நம்ம புள்ளைக்கு எடம் கெடச்சிருச்சு. மேட்டுப்பாளையத்துக்கு ஃபோனப் போட்டு உந் தங்கச்சிகிட்டச் சொல்லு. ஏ கனகம்... என்ன, மூஞ்சியத் திருப்பிக்கிட்டே?

நர்கிஸ்: கோவமா ஆன்ட்டி? யாருமில்லைன்னு சொன்னதுக்கு?

கனகம்: பேட்டி முடிஞ்சது எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. மறுவாரமே அந்த ஆபீசுலருந்து எனக்கு ஃபோன் பண்ணுனாங்க. தமிழ் பேசற ஆள வச்சு, 'அந்தப் புள்ளை உங்களுக்கு என்ன வேணும்'னு கேட்டாங்க. 'ஒரு ஒறவும் இல்லீங்க, வாடகைக்கு இருக்கறா, அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லிப்போட்டேன்'னேன். நான் அப்படிச் சொன்னதுக்குச் சரியா நீயும் ஒருவாட்டி என் மூஞ்சிக்கு நேரா யாருமில்லைன்னு சொல்லிப்போட்டா எனக்கு மனசு ஆறும்னுதான் கண்ணு, தெனமும் ஆபீசரா உக்காந்துட்டிருக்கறேன்.