ஏழாவது ஷரத்து

உங்கள் ரைட்டருக்குக் கை வலிக்காதபடி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒருவர் சொல்லச் சொல்ல எழுதுவதில் உள்ள சிரமம் எனக்குத் தெரியும். எங்கள் சங்கத்தில் மனுவானாலும் மகஜரானாலும் எழுதுவது நான்தான்.

என் பெயர் ஜினதாஸ். ஊர் திருப்பருத்திக்குன்றம், நாங்கள் ஜைனர்கள். காஞ்சிபுரத்தில் பல்கலைக்கழகம் நடத்துகிற பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடமாக ஆராய்ச்சி உதவியாளன். பதினோரு வருடமும் தற்காலிகம்தான். பதினான்கு பேர் சேர்ந்து சங்கம் வைத்து, போன தை மாதம் ஏழு ஷரத்துகள் எழுதிக் கொடுத்தோம். பணி நிரந்தரம், மருத்துவ விடுப்பு என்று ஆறு எல்லாருக்கும் வேண்டியவை. ஏழாவது நான் கேட்டது. கந்தக அறைக் கதவுக்கு உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும்.

அந்த அறையை நீங்களே பார்த்தீர்கள். கிணற்றுக்கு அப்பால் தனியாக இருக்கிறது. ஈரப் பட்டு நூலைக் கழிகளில் தொங்கவிட்டு, கந்தகச் சட்டியைக் கொளுத்தி, சுவரடியில் இருக்கும் பொந்து வழியாக வெளியிலிருந்தே உள்ளே தள்ளுவோம். விடியும் வரை புகையில் கிடந்தால் நூல் பளிச்சென்று வெளுத்துவிடும். ஜன்னல் கிடையாது. கதவை இழுத்தால் வெளியே இரும்புக் கொண்டி தானாகவே விழுந்துகொள்ளும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காற்றில் கதவு சாத்திக்கொண்டு நான் உள்ளே மாட்டினேன். சட்டி வைக்காத நேரம்தான். மூன்று மணி நேரம் இருந்தேன். தட்டினேன், கத்தினேன், பிறகு பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். என் கை எனக்கே தெரியாத இருட்டு. கடைசியில் திறந்துவிட்டவர் குமாரவேல். "இன்னா சார், தவம் பண்ணிக்கினு இருந்தீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வேட்டி நனைந்திருந்தது. நூலின் ஈரம் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் குளிக்கும்போதுகூட நான் கதவைச் சாத்துவதில்லை.

குமாரவேல்தான் எங்கள் சங்கத் தலைவர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை, நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கடைசிப் பேச்சுவார்த்தையில் பல்கலைக்கழகப் பதிவாளர் ஆறு ஷரத்துகளுக்கும் தலையாட்டிவிட்டு, ஏழாவதில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். "இதுவரைக்கும் யாராவது மாட்டிக்கிட்டு செத்திருக்காங்களா?"

குமாரவேல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம ஜினதாஸ் சார் ஒரு தபா மாட்டிக்கினாரு. ஒண்ணும் ஆவல. அத வுட்டுடலாம் சார்."

பதிவாளர் ஏழாவதை அடித்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவானது.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்ததல்ல இது. இரண்டு நாள் நிதானமாக யோசித்தேன். பதிவாளர் கேட்டது நியாயமான கேள்விதான். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை, அவ்வளவுதான். பதில் இருந்தால் ஷரத்து நிற்கும்.

புதன்கிழமை நாலரை மணிக்கு, நூல் சரியாக நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் குமாரவேல் உள்ளே போனார். நான் கதவை இழுத்தேன். கொண்டி விழுந்தது. அவர் விளையாட்டு என்றுதான் நினைத்தார். "தொறங்க சார், போதும்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். கதவை மட்டும் சாத்தியிருந்தால், அதையும் 'ஒண்ணும் ஆவல' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தினமும் கந்தகம் கொளுத்தி வைக்கிற கலியன் சட்டியோடு வந்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் கொளுத்துவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் இருக்கமாட்டார். அன்றும் கேட்டார். "உள்ள யாரும் இல்லியே சார்?" இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் பேசுவதில்லை என்பது என் விரதம். கையைத்தான் ஆட்டினேன். கலியன் சட்டியைக் கொளுத்தி உள்ளே தள்ளினார். பொந்தை மூடி, ஈரச் சாக்கை அடைத்துவிட்டுப் போனார்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது, ஐந்து மணிக்கு நான் சைக்கிளை எடுத்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால், சோற்றில் ஒரு பூச்சி விழுந்து செத்தாலும் தெரியாது. அந்தப் பாவம் நமக்கெதற்கு?

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. சாவு வீட்டுக்குப் போனேன். குமாரவேலின் மனைவி அம்சவேணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தாண்ணா அந்தக் கதவப் பத்தி சொல்லிக்கினே இருந்தீங்க. யாரும் காதுல போட்டுக்கலியே" என்றார். நான் அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா. அடுத்த வாரமே பதிவாளர் ஏழாவது ஷரத்தைத் திரும்பச் சேர்த்தார். தலைவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆசாரி வந்து உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள் அடித்தார்.

அதோடு முடிந்திருக்கும். நீங்கள் கலியனைப் பிடித்து வைத்தீர்கள். ஜினதாஸ் சாரைக் கேட்டுத்தான் வைத்தேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பல்கலைக்கழகம் இப்போது எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. சாவுக்குக் காரணம் கலியனின் கவனக்குறைவு, கதவில் குறையில்லை, ஆகவே ஏழாவது ஷரத்து ரத்து. நேற்றுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். இன்று நூல் பார்ப்பது என் முறை. வாசல் வரை போனேன். கால் உள்ளே வரவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்.

கலியனை விட்டுவிடுங்கள், அவர் மேல் தப்பில்லை.

ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். கடைசிப் பக்கத்தில் 'கொன்றேன்' என்று இருக்கிறது. அது நான் சொன்ன சொல் இல்லை. தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டாமல் குடித்தவனில்லை நான். அதை அடித்துவிட்டு, 'கதவை உள்ளிருந்து திறக்க முடியவில்லை' என்று போடச் சொல்லுங்கள். போட்டால் கையெழுத்திடுகிறேன்.