ஒரே பக்கமாப் படுத்திருந்தது

“எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக்கிச்சு மாமா. ஒண்ணுகூட பொரண்டு படுக்கல.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், பின்சீட்டிலிருந்து ஒரு பெண்குரல். இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்த பிறகு யார்தான் பேப்பர் படிப்பார்கள்? மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் அவளுடைய அக்கா புருஷன். அவர் மடியில் ஏழெட்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எதும்மா படுத்துக்கிச்சு?”

“நம்ம பாப்பா தசையில கோளாறா இருக்குல்ல, அந்தப் புரதம். எங்க லேப்ல அத்த மெல்லிசா ஐஸ்ல உறைய வச்சு, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல படம் புடிக்கிறோம். எல்லாப் பக்கமும் தெரிஞ்சாத்தான் முழு உருவம் கெடைக்கும். இதுங்க முதுக மட்டும் காட்டிட்டுப் படுத்திருந்துச்சு.”

“அதுக்கு முதுகெல்லாம் இருக்கா?”

அவள் சிரித்தாள். “சோப்பு மாதிரி ஒண்ணு துளியூண்டு கலந்தோம் மாமா. போன வாரம் திரும்பிடுச்சு! இப்ப முழுசாத் தெரியுது.”

“அப்ப மருந்து?”

“அதுக்கு இன்னும் வருசக்கணக்கா ஆவும். ஆனா எந்த எடத்துல கோணலா இருக்குன்னு இப்பத் தெரியும். அது தெரியாமத்தான் இத்தன நாளா எல்லாரும் இருட்டுல தடவிட்டு இருந்தோம்.”

அவர் மடியில் சரிந்திருந்த மகளின் தலையை நிமிர்த்தி வைத்தார்.

“இவளையும் ராத்திரில நாங்கதான் பொரட்டிப் படுக்க வைக்கிறோம். தானா திரும்ப முடியல.”

புதுச்சத்திரத்தில் பேருந்து நின்றது. தூங்குகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த சிறுமி கேட்டாள்.

“சித்தி, அது திரும்பிடுச்சில்ல? அடுத்தது நான்தானே?”