விளக்கு பச்சையாகும் வரை

கிட்ட வந்து உட்கார் கண்ணு. வளையல் கடைக்காரன் சின்ன அளவையும் பெரிய அளவையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டான். பிரித்து வைக்காவிட்டால் வளைகாப்புக்குப் பெண்கள் வந்த பிறகு தடுமாற வேண்டியிருக்கும். உன் மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிறார். உன் வீட்டுக்காரன் பிரதாப் உன் அப்பாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறான். அதுவரை உனக்கு ஒரு கதை சொல்கிறேன். வயிற்றில் இருப்பதற்கு இந்த மாதம் காது கேட்குமாம். அதுவும் கேட்கட்டும்.

நேற்று போனில் ஒன்று கேட்டாய் அல்லவா? "ஊர்ல அம்மா செத்த அன்னிக்கு எனக்கு வீக் ஆஃப் தானேம்மா? அப்பா என்னமோ நான் ஷிப்டுல இருந்தேன்னு சொல்றாரு." நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தேன், சொல்லிவிடுவதுதான் நல்லது.

கம்பெனிப் பெண்கள் தங்கும் நம் ஹாஸ்டல் பழைய விதைக் கிடங்கு என்பது உனக்குத் தெரியும். தடித்த சுவர், மேலே தகரம். உள்ளே வந்தால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், உடனே விட்டுவிட்டுக் கர்நாடகத்து டவரைப் பிடிக்கும், பிறகு இரண்டையும் விட்டுவிடும். வாசலை ஒட்டிய என் ஆபீஸ் அறையில் மட்டும் சிக்னல் உண்டு. உங்களுக்கெல்லாம் வைஃபைதான். மாடிக்கு ஒன்றாகக் கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரிப் பெட்டி, மாடிக்கு மாடி வேறு பாஸ்வேர்டு. அது வேலை செய்தால் வீட்டோடு பேசலாம். இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே போக வேண்டும், அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

பெட்டிகளை மாட்டியது கிருஷ்ணகிரி அருள்ஜோசப். எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். "பெரிய கம்பெனியில எல்லாம் ஒரே எடத்துல உக்காந்து எல்லாப் பெட்டியையும் மாத்துவாங்கக்கா. அதுக்கு உங்க ஓனரு காசு குடுக்கல. இங்க ஒவ்வொண்ணும் தனி ராஜா. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் போய்த்தான் கும்புடணும்" என்பான். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் பழசானால் அதன் பூட்டு இளகிவிடும், எவனாவது உள்ளே புகுந்துவிடுவான். அதனால் புதுசு வரும்போதெல்லாம் ஏற்ற வேண்டும். முதலில் இருக்கிற அமைப்பைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஏற்ற வேண்டும். ஆரஞ்சு விளக்கு கண்சிமிட்டும். பச்சையாகும்வரை அந்த மாடியில் யாருக்கும் எதுவும் வராது. நடுவில் கரண்ட்டைப் பிடுங்கினால் பெட்டி செத்துப்போகும். இவ்வளவுதான் வித்தை. நான் ஒழுங்காகச் செய்தேன். அவன்கூடக் கேலி செய்வான்: "மத்த வார்டனுங்க பொண்ணுங்களப் பூட்டுவாங்க. எங்கக்கா பெட்டியப் பூட்டுறாங்க."

நீ வந்த புதிதில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மற்றப் பெண்களுக்கும் கண்டிருக்கிறது, கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மட்டும் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாய். காய்ச்சல் விட்ட பிறகும் அப்படியே கூப்பிட்டாய். எனக்குக் கல்யாணமில்லை, பிள்ளையில்லை. ஜெபசீலி மேடம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. அது கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டது.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் நீ மாடிப்படியில், பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஊருக்குப் பேசுவாய். உன்னைப் பெற்றவள் ஆட்டைக் காட்டுவாள், கோழியைக் காட்டுவாள், தன் தங்கையோடு போட்ட சண்டையைச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். ஒரு நாள் உனக்கென்று சூடாக போண்டா எடுத்துக்கொண்டு படியேறி வந்தேன். நீ திரும்பாமலே, "இரும்மா, அம்மா பேசுறாங்க" என்றாய். உனக்கு நினைவிருக்காது. போண்டா ஆறிப்போயிற்று. வேறொன்றுமில்லை.

அதற்குப் பின் வந்த அப்டேட் உண்மையானதுதான். அருள்ஜோசப்பே போன் செய்து ஏற்றச் சொன்னான். உன் மாடிக்கு நீ பேசும் நேரமாகப் பார்த்து ஏற்றினேன். நீ கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போக்கிடம் இல்லாமல் சமையலறைக்கு வந்தாய். ஊறவைத்த அவரைக்கொட்டை இருந்தது. இரண்டு பேருமாகத் தோல் போகப் பிதுக்கினோம். பருப்பு விரலிலிருந்து துள்ளி என் கண்ணாடியில் பட்டதும் நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று நீ அழாமல் தூங்கினாய். ஊரோடு பேசிய நாட்களில் நீ அழுதுகொண்டுதான் தூங்குவாய். யார் உனக்கு நல்லது செய்தது என்று நீயே சொல்.

ஏற்கெனவே இருக்கிற மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் பெட்டி மறுப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதே ஆரஞ்சு விளக்கு. அப்டேட் ஓடுகிறது என்று சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மழை பெய்கிறது என்பது போல அந்தச் சொல். எத்தனை முறை என்று கேட்காதே, நான் எண்ணவில்லை. பிதுக்குப் பருப்புக் குழம்பு உனக்குப் பிடித்துப்போனது அப்படித்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு வீக் ஆஃப்தான். நீ கேட்டது சரி.

உன் மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழே வந்தேன். நாம் அவரை பிதுக்கிக்கொண்டிருந்தபோது ஆபீஸில் என் போன் அடித்தது. உன் அப்பா சுடலைமுத்து. உன் போன் கிடைக்கவில்லையாம். உன்னைப் பெற்றவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அனத்துவதாகவும் சொன்னார். ஷிப்டில் இருக்கிறாள், போனை உள்ளே விடமாட்டார்கள், வந்ததும் சொல்கிறேன் என்றேன். நீ சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பஸ் ஏறியிருப்பாய். போனால் திரும்ப அனுப்புவார்களா? உன் தாய்மாமனுக்கே கட்டி வைத்துவிடுவார்கள் என்று நீதான் ஒரு தடவை பயந்து சொன்னாய். அதைத்தான் நினைத்தேன். அதைத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவர் பேசவில்லை. மருந்து வாங்கப் போகும்போது என் நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூச்சுத்தான் முதலில் கேட்டது. பிறகு, "ஏட்டி கவி, வந்துட்டியா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன். அது ஒரு பேச்சுக்கூட இல்லை.

"என்னட்டி குரலு ஒரு மாதிரி இருக்கு? சளி புடிச்சிருக்கா? வெந்நி குடி."

"சரிம்மா" என்றேன். அம்மா என்கிற சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி வெகுகாலமாகியிருந்தது.

அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். "ஒன் வளைகாப்புக்கு நான் இருக்க மாட்டேம்ட்டி. சித்தியக் கூப்புடு. அவகூட நான் போட்ட சண்ட என்னோட போட்டும். முத வளவி அவ கையால போடச் சொல்லு. என் எடத்துல அவ இருக்கட்டும்." அதற்குப் பிறகு உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னேன். பாவம், யாரும் இல்லாமல் அவள் சாகவில்லை. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நிம்மதியோடுதான் போனாள். அந்த நிம்மதியை நான்தான் கொடுத்தேன்.

உள்ளே வந்ததும், "யாரும்மா போன்ல?" என்றாய். சிலிண்டர்காரன் என்றேன். "அப்டேட் முடிஞ்சுதா?" என்றாய். பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே போனேன். விளக்கு பச்சையாக இருந்தது. இன்னொரு முறை ஏற்றினேன்.

மறுநாள் காலையில் உனக்குச் செய்தி வந்தது. நீ பெட்டியை அண்ணாந்து பார்த்து, "இந்தச் சனியன் நேத்து வேல செஞ்சிருந்தா" என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான்தான் உன்னைத் தாங்கிப் பிடித்தேன். விஷயம் ஓனர் காதுக்குப் போனதும் அவர் அருள்ஜோசப்பை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் போகும்போது, "பெட்டியில ஒரு கோளாறும் இல்லக்கா, எப்படின்னே புரியல" என்றான். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? பிரதாப் வீட்டில் பேசியது நான். மணமேடையில் உன் பக்கத்தில் நின்றது நான். போன மாதம் நீ, "சித்தியக் கூப்புடலாமாம்மா?" என்று கேட்டாய். பெற்றவள் மனசு நோகும் கண்ணு, விட்டுவிடு என்றேன். உன் மாமியார், கல்யாணமாகாத, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியைத் தாய் இடத்தில் உட்கார வைப்பதா என்று முகம் சுளித்தபோது, "எனக்கு அம்மா இவங்கதான்" என்று சொன்னாயாம். பிரதாப் சொன்னான். அன்று இரவு நான் முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தேன்.

சீர்த் தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது பார். இந்த வீட்டுக்கு. பின் அறையில் சிக்னல் இல்லை, பிள்ளை பிறந்தால் சிரமம் என்று சொன்னாய். அமைப்பெல்லாம் நானே செய்து கொண்டுவந்திருக்கிறேன். பாஸ்வேர்டு என்னிடமே இருக்கட்டும், உனக்கு எதற்கு அந்தத் தொல்லை. அப்டேட் வந்தால் நான் வந்து போட்டுவிடுகிறேன்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. உன் அப்பாவாகத்தான் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொள். ஏன் கையை இழுத்துக்கொள்கிறாய்? மறைக்க வேண்டுமென்றால் மறைத்திருப்பேன், உனக்குத் தெரிந்தே இருக்காது. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேனே, பெற்ற தாயைத் தவிர வேறு யார் இப்படிச் சொல்வார்கள்? உன் அளவு வளையல் இதுதான். சின்னது, ஆனால் ஏறிவிடும், கையை விறைக்காதே. யாரும் உள்ளே வருமுன் முதல் வளையலை அம்மா போட்டுவிடுகிறேன். கர்த்தர் உன் வீட்டைக் காக்கட்டும். பிறக்கிற பிள்ளை உன்னை அம்மா என்று கூப்பிடுகிற சத்தம் ஒரு நாளும் ஓயாமல் இந்த வீடு நிறைந்திருக்கட்டும்.