பஸ் பட்டறையில் ஒரு சுக்கான்

– இன்னைக்கே தர்றேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா, நசுருதீன்?

– சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன் அக்கா. பாருங்க, பஸ் கதவு மாதிரி கிண்ணுன்னு நிக்குது. பஸ் பாடி கட்டற இந்த அரியமங்கலத்துல பாய்மரப் படகுக்குச் சுக்கான் செஞ்ச ஒரே ஆளு நான்தான்.

– எனக்கு ஒரு உதவி பண்ணணும்.

– சொல்லுங்க.

– இதைக் கெடுத்துடுங்க.

– என்னது?

– வெளிய தெரியாம எங்கயாவது ஒரு வெட்டு விடுங்க. நாகப்பட்டினம் துறைமுகத்துக்குள்ளயே விண்டு போகணும். கயிறு போட்டு இழுத்துருவாங்க. மறுபடி அவரு கடல் பக்கமே போகமாட்டாரு.

– அஸ்தஃபிருல்லா. உள்ள விண்டு போகாம வெளிய போய் விண்டா?

– போகாது.

– எப்படிச் சொல்றீங்க? தம்பி பிரவீன்ராஜுக்கு என்ன ஆச்சு? நடுக்கடல்ல இதே படகோட சுக்கான் பிளந்துச்சு, படகு அலைக்குக் குறுக்கத் திரும்பிச்சு. படகு வந்துச்சு, தம்பி வரலை.

– என் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லவேணாம்.

– மன்னிச்சுக்குங்க அக்கா. உக்காருங்க. அந்த சீட்டுல வேணாம், பசை காயலை. இப்படி வாங்க.

– அம்மா மண்டபத்து ஆத்தங்கரையில திதி குடுக்கலாம் வாங்கன்னேன். ஐயருக்கும் சொல்லியாச்சு. உடம்பே கிடைக்காதவனுக்கு ஆத்துல என்ன திதி, கடல்லயே குடுத்துக்கறேங்கறாரு. அதுவும் தனியா. கே.கே. நகர் வீட்டுல மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்குது.

– திதின்னு அண்ணன் எங்கிட்ட சொல்லலையே.

– யாருகிட்ட பேசுறாரு அவரு?

– இந்தா பாருங்க. போற மனுஷனை நிறுத்த முடியலைன்னா, கரை சேர வழி பண்ணணும். பழைய பலகை உள்ள தண்ணி இறங்கி, குழைஞ்ச சோறாட்டம் இருந்துச்சு. பூராத்தையும் எடுத்துட்டேன். புதுத் தேக்கு, மேல ஃபைபர். தட்டிப் பாருங்க. நல்லா ஓங்கி.

– உறுதியாத்தான் இருக்கு.

– லாரி ஏறினாலும் உடையாது.

– கடல்ல லாரியா ஓடுது?

– இப்பதான் சிரிச்சீங்க.

– சிரிக்கலை. இது என்ன, கையில துரு ஒட்டுது?

– படகுல மாட்டற பின்னு அக்கா. சுக்கான் முழுக்க இதுலதான் தொங்கும்.

– பழசா?

– பழசுதான்.

– பாதி தேஞ்சு கிடக்கே! எல்லாம் புதுசு போட்டீங்க, இதை ஏன் விட்டீங்க?

– புதுசு கடைஞ்சு வச்சிருக்கேன், அந்த டப்பாவுல. அண்ணன்தான் மாட்ட விடலை.

– ஏன்?

– ஒரு தடவை போக இது தாங்கும், அது போதும்னாரு. ராமேஸ்வரம் பக்கம் யாருக்கோ படகைத் தள்ளிவிட்டுட்டு பஸ்ல வருவாருன்னு நெனச்சேன்.

– விக்கப்போறேன்னு சொன்னாரா?

– சொல்லலை. நானாத்தான் நெனச்சேன்.

– வேற என்ன சொன்னாரு? நசுருதீன், என்னைப் பாருங்க. வேற என்ன சொன்னாரு?

– புதுப் பின்னு போட்டா வரும்போதும் தாங்கும் அண்ணேன்னேன். "வரும்போது எதுக்கு நசுரு"ன்னாரு.